மலையகக் குளிரில், போட்டதே தெரியாத இயல்பான மேக்கப்பை எப்படிச் செய்துகொள்வது?

நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் புதிதாக ஆசிரியையாகச் சேரவிருக்கும் சகோதரி ஒருவர், பவுண்டேஷன் பூசினால் முகம் சாம்பல் படிந்ததுபோல் ஆகிவிடுகிறது என்றும், ஒன்றும் பூசாமல் போனால் களைத்துத் தெரிகிறது என்றும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். ஹட்டனில் மணப்பெண் அலங்காரம் செய்துவருகிறேன். என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இதே குறைதான் இருக்கிறது. அதற்குக் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: சொந்த நிறத்தைவிட வெளுப்பான ஒன்றை முகத்தில் வைக்கிறார்கள். அதை விட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி தோலைக் கவனிப்பதில் இருக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். குளிரும் காற்றும் சேர்ந்து தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், மூக்கோரத்திலும் வாயோரத்திலும் மெல்லிய செதில்கள் எழும்பும். பவுண்டேஷனைப் பூசினால் முதலில் போய் ஒட்டிக்கொள்வது அந்தச் செதில்களில்தான். காலையில் நன்றாகக் கொதித்த சுடுதண்ணீரில் முகம் கழுவும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கழுவிவிடும் என்பதால் வெதுவெதுப்பான நீரே போதும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, முகத்தில் ஈரம் இருக்கும்போதே கிளிசரின் கலந்த மொய்ஸ்சரைசரைப் பூசுங்கள். உதட்டிலும் மூக்கின் விளிம்பிலும் வாசலின் சிறிதளவு தடவிவிட்டு, சில நிமிடங்கள் எல்லாம் தோலில் இறங்கும்வரை பொறுத்திருங்கள்.

அடுத்தது சன்ஸ்கிரீன். மூடுபனி நாளில் இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். உயரம் 1,000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. குளிர் காரணமாக வெயில் சுடுவது நமக்குத் தெரியாமல் போகிறதே தவிர, வெயில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. மலையில் கொழுந்து பறிக்கும் நம் அம்மாமாரின் கன்னங்களில் படிந்திருக்கும் மங்கு என்ற கருந்திட்டுகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு அளவைக் காட்டும் எஸ்.பி.எப். 30 என்றிருந்தால், அது தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் தாராளமாகப் பூசினால்தான் அந்தப் பலன் கிடைக்கும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்கு இரண்டு கோடுகளாக எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். சிங்க் ஒக்சைட்டும் டைட்டானியம் டயொக்சைட்டும் கலந்தவை மாநிறத் தோலில் வெள்ளையாகத் தங்கிவிடுவதால், இரும்பு ஒக்சைட்டு நிறமி சேர்த்த, நிறமூட்டிய சன்ஸ்கிரீனைத் தேடிப் பாருங்கள். மங்குத் திட்டுகளை மேலும் கருக்கச் செய்யும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அந்த நிறமி ஓரளவு தடுக்கும். நிறம் பொருந்திவிட்டால் உங்களுக்குப் பவுண்டேஷனே தேவைப்படாது.

பவுண்டேஷன் வேண்டுமென்றால், நிறம் பார்ப்பதில் அவசரப்படாதீர்கள். வெளிறிய சாயல்களில் வெள்ளை நிறமி அதிகம் கலந்திருக்கும். அது பழுப்புத் தோலின்மேல் படியும்போது சாம்பலாகத்தான் தெரியும். நீங்கள் சொல்லும் குறை அங்கிருந்துதான் வருகிறது. கடைக்காரர் மணிக்கட்டில் தடவிக் காட்டினால் மறுத்துவிட்டு, தாடையெலும்பின் ஓரத்தில் மூன்று சாயல்களைக் கோடாகப் போட்டுக்கொண்டு, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுவே உங்களுடையது. சில வகைகள் காற்றுப்பட்டதும் ஒரு சாயல் கருக்கும் என்பதால், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். முதல்நாள் மஞ்சள் பூசிக் குளித்திருந்தால் அன்றைக்கு நிறம் பார்க்கப் போக வேண்டாம். நம்மவர்கள் பலரின் தோலில் பொன்மஞ்சள் சாயலே உள்ளோடுகிறது; ஆகவே ரோஜாச் சாயல் கலந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது.

வெளுப்பைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல வேறு காரணமும் உண்டு. தயாரித்தவர் பெயரோ உட்பொருள் விவரமோ இல்லாமல் சில கடைகளில் விற்கப்படும் வெள்ளையாக்கும் கிரீம்களை நம் பிள்ளைகள் வாங்கிப் பூசிக்கொண்டு வருகிறார்கள். இத்தகைய கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2025ஆம் ஆண்டுக்குப் பின் அனுமதிக்கக் கூடாது என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையே வரையறுத்திருக்கிறது. வேறு சிலவற்றில் இருக்கும் ஸ்டீரொய்ட் தோலை மெலியச் செய்து, நிறுத்தியதும் சிவப்பையும் பருவையும் கிளப்பிவிடும். அப்படியொன்றை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள், மேக்கப்பை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் தோல் வைத்தியரைப் பாருங்கள். எனக்கு இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

பூசும்போது முகம் முழுவதையும் மறைக்க வேண்டியதில்லை. மூக்கோரத்திலும், தழும்பின்மேலும், வாயைச் சுற்றிக் கறுத்த இடத்திலும் பொட்டுப்பொட்டாக வைத்து, ஈரப் பஞ்சாலோ மோதிர விரலாலோ தட்டித்தட்டிப் பரப்புங்கள். இழுத்துத் தேய்த்தால் கீழேயிருக்கும் சன்ஸ்கிரீனும் கூடவே கலைந்துவிடும். கண்ணுக்குக் கீழ் நீலம் கலந்த கருமை இருந்தால், கருமையை மறைக்கும் வெளிர்க் கன்சீலரை வைக்குமுன், நிறத்தைச் சமன்செய்யும் செம்மஞ்சள் சாயலுள்ள கரெக்டரை நகக்கண் அளவு வைத்துப் பாருங்கள். நீலத்தைச் செம்மஞ்சள் அடக்கிவிடுவதால் அதற்குமேல் கன்சீலர் மிகச் சிறிதளவே தேவைப்படும். கன்னத்துக்குப் பவுடரைவிடக் கிரீம் வகைச் சிவப்பே இந்தக் குளிருக்குப் பொருந்தும். வெளிர் ரோஜா நிறம் மாநிறத்தில் சுண்ணாம்பாகத் தெரியும். செங்கல் நிறமோ நாவல்பழச் சாயலோ கன்னத்தில் இரத்தம் ஓடுவதுபோலவே இருக்கும். லிப்ஸ்டிக்கையே விரலில் தொட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வதும் நல்ல வழிதான்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் ஜன்னல் சிறியதாக இருப்பதால், மஞ்சள் பல்பின் கீழே அளவாகத் தெரிந்தது பாடசாலை முற்றத்து வெளிச்சத்தில் அதிகமாகத் தெரியும். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிடுங்கள்.

புருவத்துக்கு, முடியின் கறுப்பைவிடச் சற்று மங்கிய பழுப்புப் பென்சிலால் இடைவெளிகளை மட்டும் மயிரிழைபோல் நிரப்பினால் போதும். கண்மையை மேல் இமையின் வேரோரத்தில் மட்டும் வையுங்கள். கீழிமையில் வைத்தால் மூடுபனி ஈரத்தில் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடும். உதட்டுக்கு, உங்கள் கீழுதட்டின் நிறத்தைவிட ஒரு சாயல் மட்டும் ஆழமான ரோஜாப் பழுப்பு அழகாக இருக்கும். பவுடரை நெற்றி நடுவிலும் மூக்கிலும் மட்டும் ஒற்றுங்கள். கழுத்தில் வெள்ளை டல்கம் பவுடரைக் கொட்டிவிட்டால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் வீணாகிவிடும். பொட்டு உங்கள் விருப்பம். சிறிய மெரூன் பொட்டு ஒன்று சேலைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

கூட்டத்துக்கோ பரீட்சைக்கோ கொழும்புக்குப் போகும் நாளில் இந்த முறையை மாற்ற வேண்டும். மலையில் பளிச்சென்று நிற்கும் கிரீம்கள் கீழே போனதும் புழுக்கத்தில் வழியும். ரயிலில் ஏறும்போது சன்ஸ்கிரீனோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைப் போய்ச் சேர்ந்தபின் செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதச் சம்பளத்தில் வாங்க வேண்டாம். முதலில் மொய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும், அடுத்து உங்கள் நிறத்துக்குச் சரியான ஒரு கன்சீலர், அதன்பின் கன்னத்துக்கும் உதட்டுக்கும் பொதுவான ஒரு லிப்ஸ்டிக் என்ற வரிசையில் வாங்குங்கள். கன்சீலரையும் லிப்ஸ்டிக்கையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டியிருப்பதால், மாலை மங்குவதற்கு முன் கடைக்குப் போய்விடுங்கள்.