5 கிராமில் 2.2 கிராம்: குடியாத்தம் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா.

போன சனிக்கிழமை நீங்கள் கேட்டுவிட்டுப் போன கேள்வி இன்னும் மனதில் நிற்கிறது. "பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி கை வரல சார். இதோட நிறுத்திட்டு டேலி கோர்ஸ்ல சேத்துடலாமா?" பக்கத்தில் இருந்த உங்கள் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெக்கார்டு நோட்டை மட்டும் என் பக்கம் தள்ளினாள். அன்று கூட்டம், பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு இரவில்தான் படித்தேன். படித்துவிட்டுச் சொல்கிறேன், நிறுத்த வேண்டாம்.

அவள் செய்த சோதனைக்கு மறுபடிகமாக்கல் என்று பெயர். அழுக்கு கலந்த திடப்பொருளைக் கொதிக்கும் கரைப்பானில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, மெல்ல ஆறவிட்டால் நமக்கு வேண்டிய பொருள் படிகமாகப் பிரியும், கரையும் அழுக்கு கரைசலோடு நின்றுவிடும். கற்கண்டு நூலில் கட்டுவதும் இப்படித்தான். பாகு நிதானமாக ஆறினால் மணி தெளிவாக வரும். அவசரப்படுத்தினால் அழுக்கையும் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

5 கிராம் அசிட்டனிலைடு என்ற வேதிப்பொருளை எடுத்திருக்கிறாள், கிடைத்தது 2.2 கிராம். மதிப்பெண் குறைந்ததும் வீட்டில் அழுததும் இதற்குத்தான். அதற்கு அடுத்த வரியை யாருமே பார்க்கவில்லை: உருகுநிலை 113–114 டிகிரி. சுத்தமான அசிட்டனிலைடு ஏறக்குறைய 114 டிகிரியில் உருகும். மாசு இருந்தால் முன்னதாகவே இளகத் தொடங்கி, நாலைந்து டிகிரி இழுத்துக்கொண்டு உருகும். உங்கள் பெண்ணுடையது ஒரே டிகிரிக்குள் உருகியிருக்கிறது. அளவு குறைந்ததே தவிர, சுத்தம் குறையவில்லை.

மீதி எங்கே போயிற்று? அதுவும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. 250 மி.லி. தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கொதிக்கும் தண்ணீர் 100 மி.லி.யிலேயே ஏறக்குறைய 5 கிராம் கரையும். சூட்டோடு வடிகட்டும்போது வழியில் உறையாமலிருக்கக் கொஞ்சம் கூடுதலாக வைத்தாலும் 120 மி.லி. போதும். ஆறி 25 டிகிரிக்கு வந்த பிறகும் 100 மி.லி.க்கு அரை கிராம் கரைந்தே நிற்கும். 250 மி.லி.க்கு ஒண்ணேகால் கிராம் அப்படியே போச்சு. ஏப்ரல் மாத வேலூரில் 25 டிகிரிக்கு எங்கே போவது? மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெந்த தண்ணீர்தான் ஆய்வகக் குழாயில் வரும். அதில் வைத்து ஆறவிட்டு, அதையே ஊற்றிப் படிகத்தைக் கழுவியும் இருக்கிறாள். கழுவக் கழுவ, பொருள் வடிதாள் வழியாக இறங்கிவிட்டது. செய்முறைப் புத்தகத்தில் "குளிர்ந்த நீர்" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் கடையில் ஐஸ் வாங்கி வந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. இதை அவளுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த முறை கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரைந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். வடித்ததைத் தானாக ஆறவிட்டு, அதன் பிறகே ஐஸில் வைக்க வேண்டும். படிகம் வரவில்லையென்றால் பீக்கரின் உள்சுவரைக் கண்ணாடிக் கம்பியால் உரசினால் போதும், பெரும்பாலும் வந்துவிடும். கழுவ ஐஸ் தண்ணீர் சில மி.லி. போதும். நிறம் நீக்கக் கரித்தூள் போடுவதானால், அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகுதான். படிக்கிற காலத்தில் நான் கொதிக்கக் கொதிக்கப் போட்டேன். சட்டென்று பொங்கிக் கையில் வழிந்தது. அந்தத் தழும்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

இப்போது வேலைக்கு வருகிறேன். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் மருந்து மூலப்பொருளும் ரசாயனமும் செய்கிற ஆலைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வழி சொல்லும் இந்தப் பணிக்கு வருமுன் அங்கே ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஆறு ஆண்டு இருந்தேன். உங்கள் மகள் பீக்கரில் செய்ததை அங்கே ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் கலன்களில் செய்கிறார்கள். படிகம் அவர்களுக்குச் சின்ன விஷயமே இல்லை. எச்.ஐ.வி.க்குத் தரப்படும் ரிடோனவிர் என்ற மருந்தில், எதிர்பாராத விதமாக வேறொரு படிக வடிவம் உருவானது. அது சரியாகக் கரையாததால் 1998இல் அந்த மருந்தின் கேப்சூல்களையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மூலக்கூறு அதேதான், அடுக்கிய விதம் மட்டுமே வேறு. அதனால்தான் நேர்முகத் தேர்வில் "இந்தக் கரைப்பானை ஏன் எடுத்தாய்? ஈல்டு, அதாவது கிடைத்த அளவு, ஏன் குறைந்தது?" என்று கேட்பார்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளையை நாங்கள் விட்டதில்லை.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். பி.எஸ்சி.யோடு நின்றால் தொடக்கச் சம்பளம் குறைவு, ஷிப்டும் உண்டு, மேலே போக நாளாகும். எம்.எஸ்சி. படிக்க வையுங்கள். சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வை மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள், இப்போதே தொடங்கினால் நேரம் இருக்கிறது. டேலியை விடுமுறையில் கற்றுக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை. தூரத்தை நினைத்தும் பயந்தீர்கள். குடியாத்தத்தில் ரயில் ஏறினால் காட்பாடி தாண்டி வாலாஜா ரோடு, அங்கிருந்து ராணிப்பேட்டை பக்கம்தான்.

தறியை ஒரு நாள் நிறுத்துவது உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரியும், அதனால் நீங்கள் வர வேண்டாம். பாப்பாவை மட்டும் அடுத்த சனிக்கிழமை காலை அனுப்புங்கள். ரெக்கார்டு நோட்டும் பென்சிலும் எடுத்து வரட்டும். அந்த 2.8 கிராம் எங்கெங்கே போயிற்று என்று அவள் கையாலேயே கணக்குப் போட வைக்கிறேன்.