பிண்டச் சோறும் கோர்ட் தீர்ப்பும்

கேள்வி: கம்போடியாவில் போல் பாட் ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் செத்தார்கள். ஐ.நா. துணையோடு நடந்த நீதிமன்றம் தண்டித்தது 3 பேரை மட்டும். அந்த மக்கள் இதை நீதி என்று ஏற்றுக்கொண்டார்களா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஏற்றவர்களும் உண்டு, நமக்கும் இதற்கும் என்ன என்று வயலுக்குப் போனவர்களும் உண்டு. 1975 முதல் 1979 வரை நடந்த கொடுமைக்கு நீதிமன்றம் அமைந்ததே 2006-ல்தான், போல் பாட் 1998-லேயே இறந்துவிட்டார். கிராமத்து ஜனங்களை பஸ்ஸில் கூட்டிவந்து, காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் வக்கீல்கள் வாதாடுவதைப் பார்க்கவைத்தார்கள்.

அதற்காக கோர்ட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துவோல் ஸ்லெங் சிறையை நடத்திய டூச்சுக்கு 2010-ல் 35 ஆண்டு என்று தீர்ப்பு வந்து, கழிவு போக இன்னும் 19 ஆண்டுதான் என்று தெரிந்ததும் பாதிக்கப்பட்டவர்கள் அங்கேயே அழுதார்கள். 2012-ல் அது ஆயுள் தண்டனையானது.

ஆனால் 'இனப்படுகொலை' என்ற சொல்லைப் பாருங்கள். 2018 தீர்ப்பில் அது சாம் முஸ்லிம்களுக்கும் வியட்நாமியருக்கும் நடந்ததற்கு மட்டுமே பொருந்தியது. செத்தவர்களில் பெரும்பாலோர் நாட்டின் பெரும்பான்மை இனமான கெமர்கள், கெமரைக் கெமரே கொன்றது சட்டத்தில் வேறு குற்றம். பெற்ற பிள்ளையைப் பசிக்குப் பறிகொடுத்தவளிடம் இந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்வது?

அப்புறம், மானுடவியலாளர்கள் கிராமங்களிலேயே தங்கிக் கேட்டபோது காதில் விழுந்தது வேறு கவலை. அப்பா எங்கே கிடக்கிறார், எரிக்காமல் விட்ட அந்த உயிர் பசியோடு அலைகிறதா என்பதுதான் அது. ஆண்டுதோறும் 15 நாள் பச்சும் பென் நோன்பில் விடியுமுன் விகாரையைச் சுற்றிவந்து சோற்றுருண்டை எறிகிறார்கள், ஏழு விகாரைகளில் தேடியும் சோறு கிடைக்காத முன்னோர் சபித்துவிடுவார்கள் என்பது நம்பிக்கை. அந்த 'பென்' வேறொன்றும் இல்லை, நாம் திதிக்கு வைக்கிற அதே பிண்டம்தான். குற்றவாளி யார் என்று தேடும் கோர்ட்டுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க இடமே கிடையாது, அதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

சோயுங் ஏக் கொலைக்களத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைக் கண்ணாடிக் கோபுரத்தில் சாட்சியமாக வைத்திருக்கிறார்கள். எரித்து அந்த உயிர்களுக்கு அமைதி கொடுங்கள் என்று மன்னர் சிஹானூக்கே கேட்டார். இன்னும் எரிக்கவில்லை.