ஈ. கோலை ஊதாவாகத் தெரிந்தால் முதலில் ஸ்மியரைப் பாருங்கள்

வணக்கம். ஈ. கோலை ஒரு கிராம் நெகட்டிவ் பாக்டீரியா, கிராம் சாயமேற்றினால் இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும்; கிராம் பாசிட்டிவ் வகைதான் ஊதா. உங்கள் ஸ்லைடில் பாதி செல்கள் ஊதா, பாதி இளஞ்சிவப்பு. வளர்ப்பில் கலப்படமா என்று கேட்டிருந்தீர்கள். ஊதா எங்கே இருக்கிறது? ஸ்மியரின் (ஸ்லைடில் பூசிய பாக்டீரியாப் படலம்) தடித்த திட்டுகளில் மட்டும் என்றால் கலப்படம் இல்லை, நிறநீக்கியான ஆல்கஹால் அடிவரை இறங்கவில்லை.

கிராம் நெகட்டிவ் செல்லில் பெப்டிடோகிளைக்கான் என்ற செல்சுவர் அடுக்கு மிக மெல்லியது, அதற்கு வெளியே கொழுப்புச் சவ்வு. ஆல்கஹால் அந்தச் சவ்வைக் கரைத்தால்தான் கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயமும் அயோடினும் சேர்ந்த கூட்டு வெளியேறும்.

ஒரு சொட்டு நீரில் காலனியின் (வளர்ப்புத் தட்டில் தெரியும் பாக்டீரியாத் திரள்) நுனியை மட்டும் தொட்டுக் கரையுங்கள். உலர்ந்த ஸ்மியர் வழியே அச்செழுத்தைப் படிக்க முடிய வேண்டும். சுடரில் இரண்டு மூன்று முறை காட்டினால் போதும். கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அலசல், அயோடின் 1 நிமிடம், அலசல். பிறகு ஸ்லைடைச் சாய்த்து 95% எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழிவது நிறமற்றதானதும், சுமார் 10–15 நொடியில், உடனே நீரில் அலசுங்கள். பெரும்பாலும் கெடுவது இந்தப் படிதான். நேரம் மிஞ்சினால் பாசிட்டிவ் செல்களும் வெளுத்துவிடும். கடைசியாக இளஞ்சிவப்புச் சாயமான சாஃப்ரனின் 1 நிமிடம்.

அதே ஸ்லைடில் கிராம் பாசிட்டிவான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஸ்மியர் ஒன்றும் வையுங்கள். அது ஊதாவாக நின்றால்தான் முடிவை நம்பலாம். வளர்ப்பு 18–24 மணி நேரத்தியதாக இருக்கட்டும்.

இன்னும் சந்தேகமா? 3% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் காலனியைக் கலக்கி லூப்பை (கம்பி வளையம்) மெல்லத் தூக்குங்கள். 1 நிமிடத்துக்குள் சளிபோல் நூலிழுத்தால் கிராம் நெகட்டிவ். செல் உடைந்து வெளிவரும் டிஎன்ஏதான் அந்த நூல்.

மெல்லிய இடத்திலும் ஊதாக் கோளங்கள் தெரிந்தால் கலப்படமேதான். ஈ. கோலை இளஞ்சிவப்பாக வளரும் மக்கான்கி அகார் ஊடகத்தில் கோடிழுத்து, தனியாக நிற்கும் இளஞ்சிவப்புக் காலனியை எடுங்கள்.