எடையைக் கட்டுப்படுத்தினால் பிள்ளை சிறுத்துவிடுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கொழுந்து வேலையை விட்டுவிட்டு டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் நிற்கிறேன், பெரும்பாலும் உட்கார்ந்த வேலைதான். உயரம் 152 சென்ரிமீற்றர், எடை 78 கிலோ. இப்போது 14 வாரம், இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை 4.1 கிலோவில் பிறந்தது. பிறந்ததும் அதற்குச் சீனி இறங்கிவிட்டது என்று இரண்டு நாள் தனியாக வைத்திருந்தார்கள். எனக்குச் சீனி வருத்தம் இருப்பதாக அப்போது யாரும் சொல்லவில்லை. இந்த முறை கிளினிக்கில் மிஸ்ஸி, இனி எடை அதிகம் ஏறக்கூடாது என்கிறார். மாமியோ, "புள்ளத்தாச்சி வயித்தக் காயப்போட்டா புள்ள சூம்பிப் போகும்" என்று இரண்டு பேருக்குமாகப் போட்டுத் தருகிறார். காலையில் சம்பலோடு இரண்டு கோதுமை ரொட்டி, பத்து மணிக்கு ஒரு பணிஸ், பகலும் இரவும் சோறு, ஐந்து தரம் தேத்தண்ணி. இராச் சோற்றை நிறுத்தட்டுமா? திரிபோஷா சத்துமாவையும் விட்டுவிடட்டுமா? எல்லோர் முன்னாலும் தராசில் ஏறவே வெட்கமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், டிக்கோயா

பதில்: தங்கச்சி, இராச் சோற்றை நிறுத்த வேண்டாம். கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்கும்படி உங்கள் எடையில் இருப்பவர்களுக்குக்கூட நாங்கள் சொல்வதில்லை. ஏறுவது அளவோடு ஏறட்டும் என்பதுதான் மிஸ்ஸி சொன்னதன் பொருள். உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்க்கும் பி.எம்.ஐ. உங்களுக்கு 34-க்குக் கிட்ட வருகிறது. அது 30-க்கு மேல் உள்ள தாய்க்குக் கர்ப்பகாலம் முழுவதற்கும் 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும். இனி வரும் மாதங்களில் வாரத்துக்குக் கால் கிலோவை ஒட்டி ஏறினால் சரி. மெலிந்த தாய் என்றால் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும். மாமி மனதில் வைத்திருக்கும் கணக்கு அந்த மெலிந்த தாயுடையது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ரொட்டியும் சாயத் தண்ணியுமாக, மாதம் ஏற ஏறவும் மலையேறிக் கொழுந்தெடுத்த தலைமுறை அது. 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகள் தோட்டங்களில் இன்றைக்கும் பிறக்கின்றன, ஆகவே அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் உடம்பு வேறு. பிள்ளைக்குத் தேவையான சேமிப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியவை இரத்தத்தில் ஓடும் சீனியும், பிரஷரும்.

சீனி எப்படிப் பிள்ளையைப் பெருக்க வைக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கும். உடம்பில் கொழுப்பு கூடினால், இரத்தத்தில் உள்ள சீனியைக் குறைக்கும் இன்சுலினின் பேச்சு எடுபடாது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹோர்மோன்கள் அதை இன்னும் மந்தமாக்கும். அப்போது மிஞ்சும் சீனி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. ஆனால் தாயின் இன்சுலின் அந்தப் பக்கம் போவதில்லை. எனவே பிள்ளை தானே இன்சுலினைச் சுரந்து, வந்த சீனியைக் கொழுப்பாக்கி வயிற்றிலும் தோளிலும் சேர்த்துக்கொள்கிறது. தலை வெளியே வந்தும் தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அதிகம். கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிடும். பிள்ளையின் இன்சுலின் மட்டும் அதே வேகத்தில் சுரந்துகொண்டிருக்கும், அதனால் அதன் சீனி மடமடவென்று இறங்கும். உங்கள் மூத்த பிள்ளைக்கு நடந்தது இதோடு அப்படியே ஒத்துப்போகிறது. அப்போது உங்களுக்குச் சீனி இருந்தது என்று இன்றைக்கு அடித்துச் சொல்ல முடியாது. உடம்புப் பருமன் மட்டுமே இருந்தாலும் பிள்ளை பெரிதாகலாம். ஆனாலும் சந்தேகப்பட இவ்வளவு போதும். அடுத்த கிளினிக்கில் 4.1 கிலோவையும் அந்த இரண்டு நாளையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சீனிப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் இப்போதே கேட்டுச் செய்யுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலமாவது பச்சைத் தண்ணியைத் தவிர ஒன்றும் எடுக்காமல் போக வேண்டும். முதலில் ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கத் தந்து, ஒரு மணித்தியாலத்திலும் இரண்டு மணித்தியாலத்திலும் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 92, அடுத்ததில் 180, கடைசியில் 153 (mg/dl) என்பவை எல்லைகள். இந்த மூன்றில் ஒன்று தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவுதான். முதல் பஸ்ஸில் பசியோடு இறங்கிப் போகிறவர் நீங்கள், கைப்பையில் இரண்டு அவித்த முட்டையும் கொஞ்சம் கடலையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை எடுத்து முடியும் வரை வாயில் எதுவும் வைக்கக்கூடாது. டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறேன் என்று நடுவில் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்திருங்கள், நடந்தால் கணக்கு மாறும்.

பருத்த தாய்க்குப் பெரிய பிள்ளைதான் என்றும் இருந்துவிடாதீர்கள். பிரஷர் ஏறினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைந்து பிள்ளை சிறுக்கவும் செய்யும். வயிறு பருமனாக இருப்பதால், நாடா வைத்து அளக்கும்போது அது பிடிபடாமல் போகலாம். ஆகவே பின்மாதங்களில் வளர்ச்சி ஸ்கேன் தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். அதில் சொல்லும் எடையும் ஒரு மதிப்பீடுதான், 10, 15 சதவீதம் முன்பின் ஆகும். 3.8 என்று எழுதியதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிரஷர் வராமல் தடுக்கச் சிலருக்குக் குறைந்த அளவு அஸ்பிரின் கொடுப்பார்கள். ஆரம்பிப்பதென்றால் 16 வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, அதனால் இதைத் தள்ளிப்போடாமல் கேளுங்கள். பார்மசியில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

இனித் தட்டுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது சோறு இல்லை, தேத்தண்ணிதான். கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி என்று வைத்தால் 12 கிராம். ஐந்து கோப்பைக்கு 60 கிராம், 240 கலோரி. ஒரு கோப்பைச் சோற்றில் இருப்பதைவிட அது கூட! தேயிலைக்கு நடுவில் குடியிருப்பவரிடம் தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. மூன்று கோப்பையாக்கி, சீனியை வாராவாரம் அரைக் கரண்டி குறைத்து வாருங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம், சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. கல்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடாதீர்கள். எடை கூடியவருக்கு இரத்தம் குறையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மாவும் சீனியுமாகச் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம்.

காலையில் ரொட்டியை ஒன்றாக்கி, முடிந்தால் கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி குரக்கன் மா கலந்து சுடுங்கள். பக்கத்தில் ஒரு முட்டையோ கட்டிப் பருப்போ இருக்கட்டும். பணிஸை விட்டுவிட்டு அவித்த கடலையோ கௌபியோ கொண்டுபோங்கள். பகலும் இரவும் தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, மிச்சம் பருப்போ மீனோ. நம் மலையில் விளையும் போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் லொறி ஏறிக் கொழும்புக்குப் போக, லயத்துத் தட்டில் உருளைக்கிழங்குக் குழம்பு மட்டும் மிஞ்சுவது எனக்கு எப்போதும் எரிச்சல். உருளைக்கிழங்கு மரக்கறிக் கணக்கில் வராது, சோற்றோடு சேர்ந்தது அது. திரிபோஷா கிளினிக்கில் தந்தால் சாப்பிடுங்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த நல்ல மாதான். சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிப்பதில்தான் கெடுதல். பணிஸ் நேரத்துக்கு அதையே மாற்றிக்கொள்ளலாம்.

நடங்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணித்தியாலம், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில். மழை பெய்த அன்று லயத்துப் படிகளில் வேண்டாம், ரோட்டோரம் போதும்.

தராசு விஷயத்தில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலர் முன்னால் எடையைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம்தான் நிற்க வேண்டும். "மிஸ்ஸி, சொல்லாம கார்ட்ல எழுதிருங்க" என்று கேளுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். இதற்காகக் கிளினிக்கைத் தவறவிட்டால்தான் நஷ்டம். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, நெஞ்சுக்குக் கீழே வலித்தாலோ, முகம் திடீரென்று வீங்கினாலோ, பின்மாதங்களில் பிள்ளையின் துடிப்பு குறைந்ததாகத் தெரிந்தாலோ கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரசவம் ஆனதும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுத்துவிடுங்கள். பருத்த தாய்க்குப் பால் ஊறக் கொஞ்சம் தாமதிக்கலாம், அதைப் பார்த்து உடனே புட்டிக்குப் போகாதீர்கள். இந்த முறை சீனி இருப்பது தெரியவந்தால், பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் உங்களுக்கு மறுபடி அதே குளுக்கோஸ் பரிசோதனை வேண்டும். பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி போடப் போகும்போது அதற்கு நாள் கேட்டு வாருங்கள்.