வாசகர் கேள்வி – பதில்: கொழும்பில் ஒரு தெப்பன்யாக்கி விருந்து

கேள்வி: என் கணவரின் அறுபதாவது பிறந்தநாளுக்காக, கொழும்பில் வேலை செய்யும் மகன் எங்களை ஒரு நட்சத்திர ஹோட்டலில், தெப்பன்யாக்கி என்ற ஜப்பானிய முறையில் இரும்புத் தகட்டில் சமைத்துத் தரும் உணவகத்துக்கு அழைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே சாப்பிடுவேன். விருந்தும் வெள்ளிக்கிழமையில்தான் வருகிறது. எல்லாருக்கும் ஒரே தகட்டில்தான் சமைப்பார்களாமே, நான் போகலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. ஆனால் உங்கள் உணவுக் கட்டுப்பாட்டை மேசையில் அமர்ந்த பிறகு சொல்வதைவிட, முற்பதிவு செய்யும்போதே மகனைக் கொண்டு சொல்ல வைப்பது நல்லது. கொத்து ரொட்டிக் கடையின் தகட்டைச் சுற்றி நாற்காலி போட்டால் எப்படியோ, ஏறக்குறைய அப்படித்தான் அந்த மேசை இருக்கும். நடுவில் தடித்த இரும்புத் தகடு, அதன் ஒரு பக்கத்தில் சமையற்காரர், மற்றப் பக்கங்களில் விருந்தினர். எல்லாம் கண்ணெதிரே நடப்பதால் ஒளிவுமறைவுக்கு இடமில்லை என்றுதான் தோன்றும். எனினும் மாட்டிறைச்சி உண்ணாதவர் தம்மை அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு.

இறைச்சியை வாட்டும்போது அதன் ஓரக் கொழுப்பை அரிந்தெடுத்து, தகட்டின் ஒரு மூலையில் ஒதுக்கி உருகவிடுவார்கள். பிறகு அதைப் பொடியாக நறுக்கி முளைப்பயறோடு வதக்குவதும், கசிந்த நெய்யில் பூண்டுச் சோற்றைப் பிரட்டுவதும் பல உணவகங்களில் வழக்கம். பூண்டு பொன்னிறமாகி, சோற்றின் அடி இலேசாக முறுகும் நேரத்தில் சோயா சோஸ் விழுந்து ஒரு மணம் எழும்பும் பாருங்கள், அந்த மணத்தில் எந்த நெய் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. ஆகவே, மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. மாட்டுக் கொழுப்பும் வேண்டாம், எங்கள் சோற்றைத் தாவர எண்ணெயில் வதக்குங்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இது உங்கள் கணவருக்கும் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை விரதத்துக்கு இன்னொரு சிக்கல், புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப். பார்வைக்கு அதில் தோஃபு என்ற சோயாக் கட்டியும் வெங்காயத் தாளும் மட்டுமே மிதக்கும். ஆனால் அதன் அடிச்சாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசியும் அதே இன மீன்தான். கடற்பாசியை மட்டும் ஊறவைத்து எடுக்கும் சாறும் ஜப்பானியரிடம் உண்டு என்பதால், முன்கூட்டியே கேட்டால் செய்து தரக்கூடும். இல்லையென்றால் சூப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

தகட்டைப் பொறுத்தவரை, ஒரு பதார்த்தம் முடிந்ததும் தண்ணீர் விட்டு, ஆவி பறக்கச் சுரண்டித் துடைத்த பிறகே அடுத்ததை வைப்பார்கள். உங்கள் காளானையும் கத்தரிக்காயையும் தோஃபுவையும் முதலில் வாட்டித் தரும்படி கேட்பதில் தவறில்லை. ஆனாலும் இறைச்சி பட்ட தகடு என்ற எண்ணமே உறுத்தும் என்றால், நீங்கள் மனதைத் தேற்றிக்கொண்டு போய் அமர்வதைவிட, மகன் விருந்தைச் சனிக்கிழமைக்கு மாற்றுவதுதான் முறை. பிறந்தநாள் ஒரு நாள் தள்ளிக் கொண்டாடப்பட்டதென்று உங்கள் கணவர் கோபிக்கப் போவதில்லை.

கேள்வி: இணையக் காணொளிகளில் தெப்பன்யாக்கி சமையற்காரர்கள் கத்தியைச் சுழற்றுகிறார்கள், வெங்காய வளையங்களை அடுக்கி எரிமலை போல் நெருப்பு எழுப்புகிறார்கள். நாங்கள் போன உணவகத்தில் சமையற்காரர் அமைதியாக நின்று சமைத்தாரே தவிர வேறொன்றும் செய்யவில்லை. கொடுத்த பணம் வீணா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வீணில்லை, நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். ஜப்பானின் கோபே நகரில் 1945இல் தொடங்கிய மிசோனோ என்ற உணவகமே இரும்புத் தகட்டில் மாட்டிறைச்சியை வாட்டிப் பரிமாறும் இந்த முறையைத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. போருக்குப் பிறகு அங்கே நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினருக்கு அது பிடித்துப்போயிற்று. நீங்கள் காணொளியில் பார்த்த வித்தைகளோ, தோக்கியோவில் பிறந்த ரொக்கி அவோக்கி என்ற மல்யுத்த வீரர் 1964இல் நியூயோர்க்கில் திறந்த பெனிஹானா உணவகத்தின் வழியாகப் பரவியவை. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு அந்த வேடிக்கை பிடித்திருந்ததால் அதுவே ஒரு பாணியாக நிலைத்தது. ஜப்பானில் விலை உயர்ந்த தெப்பன்யாக்கி உணவகங்களில் பொதுவாக இவற்றைக் காண முடியாது.

அடுத்த முறை போனால் சமையற்காரரின் கைகளைக் கவனியுங்கள். தகட்டின் நடுவில் சூடு அதிகம், ஓரங்களில் குறைவு. இறைச்சியின் மேற்புறம் நடுவில் முறுகியதும் அதை ஓரத்துக்கு நகர்த்திச் சற்று ஆறவிடுவார். உடனே வெட்டினால் உள்ளிருக்கும் சாறு தகட்டில் ஓடிவிடும் என்பதே காரணம். குச்சியால் எடுத்து உண்ண ஏதுவாகப் பிறகு சிறு துண்டுகளாக்கி உங்கள் தட்டில் வைப்பார். வைத்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். படம் பிடித்து முடிப்பதற்குள் ஆறிப்போகும் இறைச்சிக்கு நீங்கள் கொடுத்த பணம்தான் உண்மையில் வீண்.

கேள்வி: குச்சிகளால் சாப்பிடத் தெரியாது. முள்ளுக்கரண்டி கேட்டால் மரியாதைக் குறைவாகுமா?
– வாசகி, நுவரெலியா

பதில்: ஆகாது, கேளுங்கள். குச்சியை எடுத்தால் மட்டும் இரண்டு விடயங்களைத் தவிர்க்க வேண்டும். சோற்றில் அதைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக்கூடாது, ஏனெனில் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்புகளைக் குச்சியால் எடுத்துச் சேர்க்கும் சடங்கை அது நினைவூட்டும். காடாற்று அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: விலைப்பட்டியலில் கண்ட தொகைக்கும் இறுதிப் பற்றுச்சீட்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? சமையற்காரருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், பதுளை

பதில்: நட்சத்திர ஹோட்டல்களின் விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரிகளும் அதற்கு மேல் சேரும் என்று பொருள். நம் நாட்டில் சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்தாலே 10,000 ரூபாய்ச் சாப்பாடு 13,000 ரூபாயை நெருங்கிவிடும். வாக்யூ என்ற ஜப்பானிய மாட்டிறைச்சி போன்ற வகைகளுக்குக் கிராம் கணக்கில் விலை போடும் இடங்களும் உண்டு என்பதால், எத்தனை கிராம் என்பதை வெட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் உணவகங்களில் அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கமில்லை. இங்கே சேவைக் கட்டணத்தை ஏற்கெனவே செலுத்துகிறீர்கள். அதற்கு மேலும் கொடுக்க விரும்பினால், தகட்டைத் தாண்டி நீட்டாமல் பற்றுச்சீட்டோடு வைத்துவிடுங்கள்.