சர்வீஸ் முடிந்ததும் ஆயில் கருகும் வாசனை, மூன்றாம் வாரம் காரில் தீ: யாரிடம் இழப்பீடு கேட்பது?

கேள்வி: ஈரோடு மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது ஏழு வருடப் பழைய பெட்ரோல் கார். சர்வீஸ் சென்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய மறுநாளே கருகும் வாசனை வந்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு முறை சொன்னேன். "மாத்தும்போது சைலென்சர்ல சிந்தியிருக்கும், ரெண்டு நாள்ல போயிடும், ஓட்டுங்க" என்று பதில் வந்தது. மூன்றாம் வாரம் திம்பம் மலைப்பாதையில் பானெட்டுக்குள் தீப்பிடித்தது. குடும்பத்தோடு இறங்கித் தப்பித்தோம். மெக்கானிக்கல் கோளாறு, தெரிந்தே ஓட்டினீர்கள் என்று இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது. பழைய பேக்கிங் தேய்ந்ததால் வந்த கசிவு என்கிறது சர்வீஸ் சென்டர். வண்டி அவர்கள் யார்டில்தான் நிற்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த யார்டு விஷயம்தான். ஆயில் எங்கிருந்து கசிந்தது என்பதுதான் மொத்த வழக்குமே, அதற்கான சாட்சி எரிந்த இன்ஜின், அது இப்போது எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. வண்டியில் எதையும் கழற்றக் கூடாது, ஸ்கிராப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று இன்றே இமெயிலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்துவிட்டு வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

அப்புறம் சர்வீஸ் சென்டர் சொல்லும் காரணத்துக்கு வருவோம். இன்ஜின் ஆயில் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், மலை ஏறும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். சிந்திய ஆயில் என்றால் சில நாள் புகைந்து வாசனை நின்றிருக்க வேண்டும். மூன்று வாரம் நிற்கவில்லையென்றால் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அது டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி, வால்வ் கவர் என்றும் சொல்வார்கள்) பேக்கிங்கிலிருந்தா, சரியாக மாட்டாத ஃபில்டரிலிருந்தா என்பதை ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டிவிடுவது உலகம் முழுக்க நடக்கிற தவறு, அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் சொட்டுவதாலெல்லாம் கார் எரியாது என்று யாராவது வாதாடினால், 2015-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 14 லட்சம் பழைய கார்களை இதே காரணத்துக்காகத் திரும்ப அழைத்ததைச் சொல்லலாம். வால்வ் கவரிலிருந்து மேனிஃபோல்டில் சொட்டிய ஆயில்தான் அங்கேயும் பிரச்சினை, முன்பு செய்துகொடுத்த ரிப்பேரும் பலிக்கவில்லை.

பேக்கிங்தான் தேய்ந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் சர்வீஸ் சென்டர் கை கழுவ முடியாது. இரண்டு முறை புகார் வந்த பிறகு வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் "ஓட்டுங்க" என்று சொன்னது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 85-ன்படி தவறான சர்வீஸுக்கு மட்டுமல்ல, போதிய எச்சரிக்கை தராததற்கும் பொறுப்பு உண்டு. அந்த வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், அந்த போனை மாற்றிவிடாதீர்கள். ஜாப் கார்டும் (என்னென்ன வேலை என்று சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் தாள்) பில்லும் கூடவே வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கும் போலீஸுக்கும் தகவல் போயிருந்தால் அந்த அறிக்கைகளையும் வாங்கிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில், உங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு, இருந்தால் தீயும், தானாகப் பற்றிக்கொள்வதும் அதில் அடங்கும். மெக்கானிக்கல் கோளாறு விலக்கைக் காட்டி பேக்கிங்கின் விலையை மறுக்கட்டும், தீயால் வந்த நஷ்டத்தையும் சேர்த்து மறுப்பது சரியல்ல என்று வாதாடுவேன். வண்டியைப் பத்திரமாகப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் உங்களுக்கு உண்மையான சிக்கல், வாசனை வந்தும் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறீர்கள், இதை மறைக்க முயலாதீர்கள். தொழில் தெரிந்த சர்வீஸ் சென்டரிடமே கேட்டேன், ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன் என்பதுதான் உங்கள் பதில். நிபந்தனை மீறல் என்றே முடிவானாலும் முழுதாக மறுக்க வேண்டியதில்லை, ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்பதற்கு அமலேந்து சாஹு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. சேதத்தை மதிப்பிட்ட இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சர்வீஸ் சென்டர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து ஒரே புகாராக உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுங்கள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்ற வரம்பைக் கணக்கிடுவது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த தொகையை வைத்துத்தான். சர்வீஸ் பில்லும் பிரீமியமும் 5 லட்சத்துக்குள்தானே இருக்கும், அதனால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 வருடம், தீப்பிடித்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

நடுவில் யாராவது ஒரு தொகையை நீட்டி "ஃபுல் அண்ட் ஃபைனல்" (இதோடு கணக்கு முடிந்தது என்ற) வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். முதலில் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.