ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட கரோலினாவில் ஷார்லட் நகரை அடுத்த புறநகரில் பல வருடங்களாக வசிக்கிறேன். 2024இல்தான் குடியுரிமை பெற்று முதல் ஓட்டைப் போட்டேன். எங்கள் தமிழ் நண்பர்கள் கூடும் இடத்தில் அரசியல் பேச்சு எழுந்தால் ஒரே பல்லவிதான். குடியரசுக் கட்சிப் பக்கம் நிற்கும் கன்சர்வேடிவ்கள் படிக்காதவர்கள், பயந்த சுபாவம், புதிதாக எதைக் கண்டாலும் மிரள்பவர்கள். ஜனநாயகக் கட்சிப் பக்கம் நிற்கும் லிபரல்கள் திறந்த மனசுக்காரர்கள். மூளை ஆராய்ச்சியே இதை நிரூபித்துவிட்டது என்கிறார் ஒரு நண்பர். என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், தீவிர டிரம்ப் ஆதரவாளர். ஆனால் கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனுக்குத்தான் போட்டேன் என்றார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொரு கேள்வி. 2016, 2020, 2024 மூன்று தேர்தல்களிலும் கருத்துக்கணிப்புகள் டிரம்பைக் குறைத்தே காட்டின. இத்தனை கணிதம் தெரிந்தவர்கள் ஒரே பக்கமாக எப்படித் தவறுகிறார்கள்? அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் நவம்பர் 2026 இடைக்காலத் தேர்தலுக்கான கணிப்புகளை நம்பலாமா?

எஸ்., வட கரோலினா

அன்புள்ள எஸ்.,

மூளை ஆராய்ச்சியை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் நண்பர் மனதில் இருப்பது அநேகமாக 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. அரசியல் பிடிப்பு உறுதியாக உள்ள 46 பேரை நெப்ராஸ்காவில் உட்காரவைத்து, முகத்தில் சிலந்தி ஏறி நிற்பது போன்ற படங்களைக் காட்டினார்கள். எதிர்பாராத நேரத்தில் சத்தம் எழுப்பினார்கள். தோலில் வியர்வை எவ்வளவு கூடுகிறது, கண் எவ்வளவு பலமாகச் சிமிட்டுகிறது என்று அளந்தார்கள். அதிகம் மிரண்டவர்கள் ராணுவச் செலவையும் மரண தண்டனையையும் ஆதரிப்பவர்களாக இருந்தார்கள். பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா? 2020இல் வேறொரு குழு, அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பல மடங்கு அதிகமான ஆட்களை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தது. அந்தத் தொடர்பு தென்படவில்லை. முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது செய்தி பரவவில்லை, அவ்வளவுதான். குணத்தில் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. புதுமையில் நாட்டம் லிபரல்களிடமும் ஒழுங்கில் நாட்டம் கன்சர்வேடிவ்களிடமும் சராசரியில் சற்றே கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு எதிரே நிற்கும் ஆள் எந்தக் கட்சி என்று சொல்ல முடியாது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவோம். அவர் விதிவிலக்கான பிறவி ஒன்றும் இல்லை. 2024இல் உங்கள் மாநிலத்தில் டிரம்ப் 3 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில், அதே சீட்டில், ஸ்டைன் ஏறக்குறைய 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளரைச் சுற்றிக் கடைசி நேரத்தில் எழுந்த சர்ச்சைகள் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் கைநடுங்காமல் மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொரு கட்சிக்கும் போட்டிருக்கிறார்கள். உங்கள் மாநிலத்தில் இன்று அதிகம் பேர் பதிவு செய்திருப்பது ஜனநாயகக் கட்சியிலும் இல்லை, குடியரசுக் கட்சியிலும் இல்லை. ‘எந்தக் கட்சியும் சாராதவர்’ என்ற கட்டத்தில்தான்.

வேட்பாளரின் பெயரை எடுத்துவிட்டு வெறும் கொள்கையை மட்டும் சீட்டில் வைத்தால் இன்னும் வேடிக்கை. 2024 நவம்பரில் மிசௌரி மக்கள் டிரம்புக்கு 58 சதவீதத்துக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். அதே மக்கள் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பையும் நிறைவேற்றினார்கள். ஜனநாயகக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருந்து பிய்த்து எடுத்தவை போலிருக்கும் இவை. கூத்து அதோடு முடியவில்லை. மறு வருடமே, அதே வாக்காளர்கள் அனுப்பிவைத்த குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் அந்த நோய்விடுப்பை ரத்து செய்தது.

மறுபக்கமும் இதே கதைதான். 2020இல் கலிஃபோர்னியா பைடனுக்கு 63 சதவீதம் தந்தது. கல்வியிலும் அரசு வேலையிலும் இனத்தைக் கணக்கில் எடுக்க அனுமதிக்கும் தீர்மானம் அதே சீட்டில் இருந்தது. லிபரல்களின் கோட்டையில் அது 57 சதவீத எதிர்ப்பில் தோற்றது. நான்கு வருடம் கழித்து ஹாரிஸை ஜெயிக்க வைத்த அதே மாநிலம், திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கூட்டும் தீர்மானத்தை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆதரித்து நிறைவேற்றியது.

ஆகவே கூலி, வரி, கருக்கலைப்பு, துப்பாக்கி என்று பட்டியல் போட்டு இவர் கன்சர்வேடிவ், இவர் லிபரல் என்று பிரித்தால் பாதிப் பேரைத் தவறான பக்கத்தில் நிறுத்திவிடுவோம். என் கணிப்பில் கோடு வேறு இடத்தில் ஓடுகிறது. ஒருவர் யார் பேச்சை நம்புகிறார் என்பதில்.

இரண்டு மாநிலங்களைப் பாருங்கள். வெர்மான்ட், மேற்கு வர்ஜீனியா. இரண்டும் சிறியவை, மலைப்பிரதேசம், பெருநகரம் கிடையாது, பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். இனம், நிலம், கிராமம் என்று எந்த அளவுகோலை வைத்தாலும் இரண்டும் ஒரே மாதிரி ஓட்டுப் போட வேண்டும். 1936இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வாரிக்கொண்டு போனபோது அவருக்கு மசியாத இரண்டில் ஒன்று வெர்மான்ட். 1856 முதல் 1988 வரை 1964 நீங்கலாக ஒவ்வொரு முறையும் அது குடியரசுக் கட்சிக்கே போட்டது. மேற்கு வர்ஜீனியாவோ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மண். 1988இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் பத்தே மாநிலங்களில் ஜெயித்து மண்ணைக் கவ்வியபோதும் அந்தப் பத்தில் ஒன்றாக நின்றது. இன்று இடம் மாறிவிட்டார்கள். 2024இல் வெர்மான்டில் ஹாரிஸுக்கு 63 சதவீதம். மேற்கு வர்ஜீனியாவில் டிரம்புக்கு 70 சதவீதம். அங்குள்ள 55 கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்றுகூட 2016இலிருந்து டிரம்பைக் கைவிடவில்லை.

மரபணு மாறிவிட்டதா? மூளை மாறிவிட்டதா? மேற்கு வர்ஜீனியாவில் மாறியது, சொல்பவர் யார் என்பது. சுரங்கத் தொழிற்சங்கம் ஒரு காலத்தில் சம்பளம், மருத்துவமனை, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் வாசலாக இருந்தது. யாருக்கு ஓட்டு என்று சங்கம் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இயந்திரங்கள் வந்தன, ஆட்கள் குறைந்தார்கள், சங்கம் இளைத்தது. அந்த இடத்துக்கு தேவாலயமும் ரேடியோப் பேச்சும் வந்தன. சுற்றுச்சூழல் விதிகளோடு வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி எதிரியாகத் தெரிந்தார். வெர்மான்டுக்கோ 1960களிலிருந்து நியூயார்க், பாஸ்டன் பக்கமிருந்து படித்தவர்கள் குடியேறினார்கள். புரூக்ளினில் பிறந்து அங்கே போய் 1981இல் பர்லிங்டன் நகர மேயரான பெர்னி சாண்டர்ஸ் அவர்களில் ஒருவர். (அந்த வெர்மான்டும் 2024இல் தன் குடியரசுக் கட்சி கவர்னர் ஃபில் ஸ்காட்டை 73 சதவீதத்தோடு திரும்பத் தேர்ந்தெடுத்தது. உங்கள் லாரி ஓட்டுநருக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் உண்டு.)

பட்டப்படிப்பு இன்று அமெரிக்க அரசியலைப் பிளக்கிறது என்று சொல்வது இதனால்தான். பட்டம் வாங்கியவர் புத்திசாலி, வாங்காதவர் முட்டாள் என்று அதற்குப் பொருள் கிடையாது. நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் இருந்தவருக்குப் பேராசிரியர், பத்திரிகை, சுகாதாரத் துறை, நீதிமன்றம் எல்லாம் தன்னைப் போன்றவர்கள் நடத்தும் இடங்கள். மற்றவருக்கு அவை தன்னை மட்டம் தட்டும் இடங்கள். இனத்தைக்கூட இந்தக் கோடு குறுக்கே வெட்டுகிறது. டெக்சாஸ் எல்லையில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்டார் கவுன்டியில் கிட்டத்தட்ட அத்தனை பேரும் ஹிஸ்பானியர். 2012இல் ஒபாமாவுக்கு 86 சதவீதம் கொடுத்தவர்கள், 2024இல் டிரம்பை ஜெயிக்க வைத்தார்கள். 1892க்குப் பிறகு அங்கே ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜெயிப்பது அதுவே முதல் முறை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இதே இடத்தில்தான் இருக்கிறது. கருத்துக்கணிப்புக்காரரும் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து பேசும் ஒரு ‘நிறுவனத்து ஆள்’தானே?

1936க்கே திரும்பப் போவோம். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. சுமார் 24 லட்சம் திரும்பி வந்தன. ரூஸ்வெல்டுக்கு 43 சதவீதம்தான், குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன் ஜெயிக்கிறார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் வாங்கியது 61 சதவீதம். தொலைபேசி, கார் வைத்திருந்த பணக்காரர்களின் முகவரியாகப் பொறுக்கியதால் வந்த வினை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அட்டை கிடைத்தவர்களில் யார் அதை நிரப்பித் தபாலில் போட்டார்கள் என்பது. ரூஸ்வெல்ட் மீது கடுப்பில் இருந்தவர்கள் ஓடிப்போய்ப் போட்டார்கள். திருப்தியாக இருந்தவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதே தேர்தலில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேரை மட்டும் கேட்ட ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்டின் வெற்றியைச் சரியாகச் சொன்னார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், பானையைக் கிளறியிருந்தால்.

இன்றைக்குப் பானை கிளறவே முடியாததாகிவிட்டது. பியூ ஆய்வு மையம் 1997இல் தொலைபேசியில் அழைத்தபோது நூற்றுக்கு 36 பேர் பேசினார்கள். 2018இல் 6 பேர். அந்த ஆறு பேர் மற்ற 94 பேரைப் போன்றவர்கள் என்று நம்பித்தான் எல்லாக் கணக்கும் ஓடுகிறது. 2016இல் பல மாநிலக் கணிப்புகளில் பட்டதாரிகள் அளவுக்கு மீறிச் சிக்கியிருந்தார்கள். அவர்கள் பங்கைக் குறைத்துக் கணக்கைச் சரிக்கட்டாமல் விட்டார்கள். மிச்சிகனில் டிரம்ப் ஜெயித்தது 10,704 ஓட்டில். விஸ்கான்சினும் பென்சில்வேனியாவும் அதோடு சேர்ந்து சரிந்தன. மூன்றிலும் இருப்பது ஒரே வகை வாக்காளர், ஆகவே ஒரே வகைத் தவறு. ஹிலாரிக்கு 99 சதவீத வாய்ப்பு என்ற பிரின்ஸ்டன் பேராசிரியர் சாம் வாங், மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டில் டிரம்ப் 240க்கு மேல் வாங்கினால் பூச்சி தின்கிறேன் என்று சவால் விட்டிருந்தார். சொன்ன சொல் தவறாமல், தொலைக்காட்சியில் டப்பாவில் அடைத்த சில்வண்டு ஒன்றைத் தின்றார். மனிதர் நேர்மையானவர்.

2020இல் படிப்பைக் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டினார்கள். தவறு குறையவில்லை, கூடியது. நாற்பது வருடங்களில் இல்லாத அளவு. விஸ்கான்சினில் பைடன் 17 புள்ளி முன்னிலை என்றது ஒரு பிரபலக் கணிப்பு. அவர் ஜெயித்தது 20,682 ஓட்டில், ஒரு புள்ளிக்கும் குறைவாக. ஏன்? பட்டம் இல்லாத நூறு பேர் வேண்டும் என்று தேடிப் பிடிக்கலாம். ஆனால் முன்பின் தெரியாதவரோடு பத்து நிமிடம் அரசியல் பேசச் சம்மதிக்கும் பட்டம் இல்லாதவர், அழைப்பைத் துண்டிக்கும் பட்டம் இல்லாதவரிலிருந்து வேறுபட்டவர். துண்டித்தவர்களில் டிரம்ப் ஆட்கள் அதிகம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். இதை நேரடியாக நிரூபிப்பது கஷ்டம், பேசாதவரிடம் போய்க் கேட்க முடியாதே.

2024இல் ‘போன முறை யாருக்குப் போட்டீர்கள்’ என்று கேட்டு அதை வைத்தும் சரிக்கட்டினார்கள். தவறு குறைந்தது. ஆனாலும் சாய்ந்தது பழைய பக்கமேதான். இந்த வித்தையை ஏற்காத கணிப்பாளர் ஆன் செல்ஸர், அயோவாவில் ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்று தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு அறிவித்தார். 2016இலும் 2020இலும் அந்த மாநிலத்தை மற்றவர்களைவிட நெருக்கமாகக் கணித்தவர் அவர். டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். கணித மாதிரி வைத்திருந்த நேட் சில்வர், கணினியில் 80 ஆயிரம் முறை தேர்தலை ஓடவிட்டு, அதில் 40,012 முறை ஹாரிஸ் ஜெயித்ததாக வெளியிட்டார். எனக்கு அதில் சிரிப்பு வந்தாலும், தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொன்ன கணிப்பு அது.

இனி நவம்பர் 2026. டிரம்பின் பெயர் சீட்டில் இல்லாத 2018, 2022 தேர்தல்களில் கணிப்புகள் பெரிதாகச் சறுக்கவில்லை. 2022இல் ‘சிவப்பு அலை’, அதாவது குடியரசுக் கட்சியின் அலை, என்று முழங்கியவர்கள் விமர்சகர்கள்தான். கணிப்புகள் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தன. நிறுவனங்களை நம்பாத, டிரம்புக்காக மட்டும் வீட்டை விட்டுக் கிளம்பும் வாக்காளர் இடைக்காலத் தேர்தலுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. தொலைபேசியை எடுக்காதவர் சாவடிக்கும் வராவிட்டால் கணிப்பு தானாகச் சரியாகிவிடுகிறது. ஆகவே 2024ஐ மனதில் வைத்து, வரும் எண்களில் நீங்களே இரண்டு மூன்று புள்ளியைக் குடியரசுக் கட்சிக்குக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

நாடாளுமன்றத்தின் கீழவையைப் பற்றி மட்டும் கருத்துக்கணிப்பு இல்லாமலே ஒன்று சொல்லலாம். 1946 முதல் 2022 வரை நடந்த 20 இடைக்காலத் தேர்தல்களில் 18இல் அதிபரின் கட்சி இடங்களை இழந்திருக்கிறது. தப்பியவை 1998, 2002 மட்டும். எத்தனை இடங்கள் என்று கேட்காதீர்கள். 2010இல் 63 போனது, 2022இல் 9தான் போனது. உங்கள் கவுன்டியில் யார் எவ்வளவு என்பதை என்னைவிட உங்கள் லாரி ஓட்டுநர் நன்றாகச் சொல்லுவார். அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.